காய்ச்சல் விட்ட பிறகும் என்னை விடாதவர்களுக்கு

விடுதித் தோழிகள், சீனியர் அக்காக்கள், மெஸ் அக்கா, வார்டன் மேடம், ஆட்டோ அண்ணன், பெரியாஸ்பத்திரி நர்ஸ் அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நேரில் நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் "அதெல்லாம் எதுக்கு, முதல்ல உடம்பைப் பாரு" என்று வாயை அடைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். கோவையிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் வீடு. காய்ச்சல் என்றதும் அம்மாவால் போனில் அழத்தான் முடிந்தது. எதிர் அறை அக்கா என் கண்ணைப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மழைக்காலம், டெங்குவாக இருக்கலாம் என்று மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். என் பையில் இருந்த வலி மாத்திரையையும் எடுத்து வைத்துக்கொண்டார். டெங்குவில் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும், பாராசிட்டமால் மட்டும்தான் போடலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்எஸ்1 ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தது.

அப்புறம் அறைத்தோழிகள் இருவரும் செய்ததைச் சொல்ல வேண்டும். அலமாரிக் கதவில் ஒரு கிராஃப் தாளை ஒட்டினார்கள். ஒரு பக்கம் நான் குடித்தது: ஓ.ஆர்.எஸ்., இளநீர், கஞ்சித் தண்ணி. மறுபக்கம் எத்தனை முறை சிறுநீர் கழித்தேன் என்பது. கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் முதலில் கேட்டதே அந்தக் கணக்கைத்தான். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதை எழுதினது?" என்று கேட்டபோது இரண்டு பேரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றீர்கள். நான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: நீங்கள்தான்.

மெஸ் அக்கா, ரசத்தில் குழையப் பிசைந்த சோற்றை மூன்று மாடி ஏறித் தூக்கி வந்தீர்கள். "ஒரு வாய் கண்ணு, ஒரே வாய்" என்று எங்கள் ஊரில் யாரும் என்னைக் கெஞ்சியதில்லை. நிலவேம்புக் குடிநீரும் கொண்டு வந்தீர்கள். அந்தக் கசப்பை விட, குடித்து முடிக்கிற வரை நீங்கள் தலையைத் தடவிக்கொண்டே நின்றதுதான் நினைவில் நிற்கிறது.

பிறகு காய்ச்சல் விட்டது. சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லி வீட்டிலிருந்து போன். எதிர் அறை அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அப்பாவிடமே பேசினார். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்து ரத்த அழுத்தம் விழக்கூடும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே வயிறு வலித்தது, வாந்தி நிற்கவில்லை. நடு வழியில் பஸ்ஸில் அப்படி ஆகியிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அக்கா, என் அப்பா இன்றைக்கும் உங்களைப் பற்றிப் பேசும்போது குரல் உடைகிறது.

ஆட்டோவில் வார்டன் மேடத்தின் மடியில் சாய்ந்துகொண்டு போனேன். அவருடைய சேலையெல்லாம் வாந்தி. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டோ அண்ணன் வாடகை வாங்காமல், அட்மிஷன் சீட்டு போடுகிற வரை கூடவே நின்றார்.

வார்டில் கொசுவலைக்குள் படுக்க வைத்தார்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை 40,000க்கும் கீழே போனபோது நம் காலேஜ் பையன்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் வந்து நின்றார்களாம். ரத்தக்கசிவு இல்லாதவரை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றத் தேவையில்லை, டிரிப்ஸ் போதும் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். தம்பிகளா, உங்கள் ரத்தம் என் உடம்பில் ஏறவில்லை. ஆனாலும் கொடுத்ததாகவே நினைத்துக்கொள்கிறேன்.

இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்கா, அம்மா வந்து சேரும் வரை வந்து வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தீர்கள். ரத்த அழுத்தம் விழுந்து கை சில்லென்று ஆகிறதா என்று பார்க்கத்தான் அது என்று பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது அம்மா தொட்ட மாதிரி இருந்தது.

ஜூனியர் பிள்ளைகள் மொட்டை மாடி டிரம்களைக் கவிழ்த்து, ஃபிரிட்ஜ் பின்தட்டில் தேங்கிய நீரைக்கூடக் கொட்டியிருக்கிறீர்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தயவுசெய்து வாரம் ஒரு நாள் அதை விடாமல் செய்யுங்கள். இனி நானும் வருகிறேன்.

விட்டுப்போன இன்டர்னலுக்கு மறுதேர்வு வைத்த ஆசிரியர்களுக்கும், லேப் ரெக்கார்டில் படம் வரைந்து தந்தவளுக்கும் நன்றி. ஒரு பச்சை ஃபிளாஸ்க் யாருடையது என்று தெரியவில்லை, கழுவி வைத்திருக்கிறேன். உரியவர் அறைக்கு வாருங்கள், அம்மா கொடுத்துவிட்ட மக்ரூனும் இருக்கிறது.