எண் இல்லாத பொன்மொழிகள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரோமானியப் பொன்மொழிகளைத் தமிழில் தொகுத்து வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நூல்களைப் பல ஆண்டுகளாக வாங்கி, வகுப்பறை அலமாரியில் மாணவர் கைக்கு எட்டும்படி அடுக்கி வைத்திருக்கும் ஆசிரியை நான். ஒவ்வொரு பொன்மொழியின் கீழும் அது எந்த நூலில், எத்தனையாவது கடிதத்தில் அல்லது பாடலில் வருகிறது என்பதை அச்சிடுமாறு உங்களுள் ஒருவருக்கு இருமுறை எழுதினேன், பதில் வரவில்லை. சென்ற மாதம் நடந்ததற்குப் பிறகு, உங்கள் அனைவருக்குமாக இதை எழுதுகிறேன்.

பேச்சுப் போட்டியில் என் பத்தாம் வகுப்பு மாணவி, “நாம் பள்ளிக்காக அல்ல, வாழ்க்கைக்காகவே கற்கிறோம் என்றார் ரோமானியத் தத்துவஞானி செனெகா” என்று தொடங்கினாள். பேசி முடித்ததும் நடுவர் ஒருவர், செனெகா எழுதியது இதற்கு நேர்மாறானது என்று கனிவாகவே சொன்னார். அவள் உங்கள் புத்தகத்தைப் புரட்டி, ஓரம் மடித்து வைத்திருந்த பக்கத்தில் அந்த வரியின்மேல் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள். வரிக்குக் கீழே செனெகா என்ற பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்தப் புத்தகத்தை நம்பி அவளிடம் கொடுத்தவள் நான்.

நடுவர் சொன்னதே சரி. தம் நண்பர் லுசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்களுள் 106ஆவதில், நன்மை என்பது பருப்பொருளா என்று நெடுக வாதிட்டுவிட்டு, இந்த நுட்பமெல்லாம் பலகையில் காய் நகர்த்தும் ஆட்டம்தான் என்று சலித்துக்கொள்ளும் செனெகா, கல்வியிலும் நாம் அளவு மீறி அவதிப்படுகிறோம், வாழ்க்கைக்காக அல்ல, பள்ளிக்காகவே கற்கிறோம் என்று குறைபட்டு முடிக்கிறார். முதுமையில் ஒருவர் பட்ட வேதனை, பள்ளிச் சுவரில் எழுதத்தக்க பெருமிதமாகத் தலைகீழாகிவிட்டது. வேறு மொழிகளிலும் அது அப்படிப் புரண்டு வழங்குகிறது என்பதை அறிவேன். ஆனால் 106 என்ற எண்ணை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால், தொகுத்தவர் அந்தக் கடிதத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பார்.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. “இல்லாதவனுக்கு உடனே கொடுப்பவன் இருமுறை கொடுத்தவன் ஆகிறான்” என்ற வரியையும் செனெகாவின் பெயரில் அச்சிட்டிருக்கிறீர்கள். அது சிரியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, அறிவுக்கூர்மையால் விடுதலை பெற்று, கூத்து எழுதி நடித்த பப்லிலியஸ் சைரஸின் வரி. கி.மு. 46இல் ஜூலியஸ் சீசர் நடத்திய விழாவில் பரிசு வென்ற அவருடைய கூத்துகள் அழிந்துபோயின. எஞ்சியவை ஏறத்தாழ 700 ஒற்றை வரிகள். கையேந்திக் காத்திருப்பதைப் பற்றி அடிமையாய் இருந்தவர் சொல்லும்போது அச்சொல்லின் எடை வேறு. பேரரசன் நீரோவின் ஆசானாக இருந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர் சொன்னதாகப் படிக்கும்போது வேறு. செனெகாவே தம் 8ஆவது கடிதத்தில் பப்லிலியஸைப் பெயர் சொல்லிப் பாராட்டி, வெறுங்காலோடு ஆடும் கூத்தர்கள் அல்ல, துன்பியல் நாடக நடிகர்களே பேசத்தக்க வரிகள் பல அவரிடம் உண்டு என்கிறார். அவர் மனமுவந்து கொடுத்த பெயரை நீங்கள் ஏன் பறிக்கிறீர்கள்?

உடற்பயிற்சிக் கூடங்களில் தொங்கும் “நல்ல உடலில் நல்ல மனம்” என்ற வரியும், ரோமானியக் கவிஞர் ஜூவனலின் 10ஆவது அங்கதப் பாடலில், செல்வத்தையும் அதிகாரத்தையும் கேட்டு அழிந்தவர்களை வரிசையாகக் காட்டிய பிறகு, கடவுளிடம் கேட்பதானால் இதைக் கேள் என்று வரும் வேண்டுதல்தான். ஒரு குறளை எண் இல்லாமல் அச்சிட உங்களுக்குக் கை வருமா? அயல்மொழிச் சான்றோர் என்றால் மட்டும் பெயரே போதும் என்று ஏன் தோன்றுகிறது?

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். உங்கள் மலிவுப் பதிப்புகள் இல்லாவிட்டால் என் மாணவர்கள் செனெகாவின் பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. அடுத்த பதிப்பிலாவது ஒவ்வொரு வரியின் கீழும் ஆசிரியர், நூல், எண் ஆகிய மூன்றையும் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இப்போதைக்கு அந்த மாணவியின் பிரதியில், மடித்த அந்தப் பக்கத்தில், வரியை அடித்துத் திருத்தி, கீழே 106 என்று பென்சிலால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வாசகியான ஓர் ஆசிரியை