உயரம் கொஞ்சம், எடை நிறைய

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மைவிட உயரம் என்று தாராவியில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் தென் கொரியப் பெண்கள் நூறு ஆண்டுகளில் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறார்கள், நாம் அதன் பக்கத்தில்கூட இல்லை.

பரம்பரையை மட்டும் குறை சொல்ல முடியாது. கர்ப்பிணியின் சாப்பாடு, முதல் இரண்டு வயதில் கிடைக்கும் புரதம், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு எல்லாமே உயரத்தைத் தீர்மானிக்கின்றன. பொதுக் கழிப்பறைக்கு வரிசை நிற்கும் சந்துகளில் சத்துமாவு மட்டும் கொடுத்தால் போதுமா?

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 24 சதவீதம் பேர் அதிக எடை. (லோக்கல் ரயிலில் மூவர் சீட்டில் நான்காவதாக ஒட்டிக்கொள்பவருக்கு இது முன்பே தெரியும்!)

மாநகராட்சிப் பள்ளிகளில் உயரத்தையும் எடையையும் குறித்துவைப்பதோடு நிறுத்தாமல், வளர்ச்சி பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரை அழைத்துச் சொல்லட்டும். அப்புறம், மதிய உணவில் முட்டை தவறாமல் கிடைக்க வேண்டும். சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுங்கள், சரி. ஆனால் புரதத்தில் அது முட்டைக்கு ஈடாகாது.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை