பழக்கிய உதவியாளரை உடன் அழைத்துச் செல்ல வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி வட்டம், சந்தூரில் மா ஒட்டுச்செடி நர்சரி வைத்திருப்பவன். ஆடி பிறந்து மழை இறங்கியதும் எங்களுக்கு வியாபாரம் சூடு பிடிக்கும். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கிலும், கோலார், சீனிவாசபுரம் பக்கத்திலிருந்து கன்னடத்திலும் விசாரணைகள் வரும். இரண்டு மொழியும் எனக்குப் பேச வரும், எழுத வராது. எனவே கடந்த இரண்டு பருவங்களாக, வாடிக்கையாளர்களுக்கு எழுத்தில் பதில் அனுப்பும் வேலையைக் கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். ஓர் உதவியாளருக்குச் சொல்லித்தந்ததை இன்னோர் உதவியாளருக்குக் கொண்டுசெல்ல நமக்கு உரிமை வேண்டும் என்ற, அந்த அனுபவத்திலிருந்து எழுந்த கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில், அந்த உதவியாளரைப் பழக்க நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நாங்கள் பெங்களூரா என்று விற்கும் மாவைச் சிலர் கிளிமூக்கு என்பார்கள், சிலர் தோத்தாபுரி என்பார்கள். ஆந்திரத்துக்காரருக்கு அதுவே கலெக்டர். அல்போன்சாவைக் கர்நாடகத்துக்காரர் பாதாமி என்றுதான் கேட்பார். ஒட்டுக்கட்டும் முறை இரண்டு, மென்தண்டு ஒட்டா, நெருக்கு ஒட்டா என்று தெரிந்துகொள்ளாமல் விலை சொல்லக் கூடாது. ஏக்கருக்கு எத்தனை செடி என்று கேட்டால், பத்து மீட்டர் இடைவெளிக்கு 40, ஐந்து மீட்டருக்கு 160 என்று கணக்கைச் சொல்லிவிட்டு, மண்ணும் தண்ணீரும் எப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே நாளில் உட்கார்ந்து சொல்லித்தர முடியவில்லை. தவறு செய்யும்போதெல்லாம் திருத்தித் திருத்தித்தான் அது கற்றது. அட்டமி, நவமி நாட்களில் நான் வண்டி ஏற்றுவதில்லை என்பதை நான் ஒரு விதியாக அதற்குச் சொன்னதே இல்லை. நாலைந்து முறை நான் தேதியை மாற்றச் சொன்னதிலிருந்து அதுவே குறித்துக்கொண்டு, பிறகு அந்த நாட்களைத் தவிர்த்தே தேதி எழுதத் தொடங்கியது. புதிதாக வந்த ஆள் ஒரு பருவம் முழுவதும் கூடவே இருந்து பழகினால் எப்படியோ, அப்படி ஆகிவிட்டது.

சென்ற பருவத்தில் என் மகள், ரசீது போடும் வேலையைக் கணினிக்கு மாற்றினாள். அங்கே இருந்தது வேறொரு நிறுவனத்தின் உதவியாளர். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குச் செய்தியில் 200 கலெக்டர் செடி கேட்டிருந்தார்கள். கணினியிலிருந்த உதவியாளர் அதைத் தமிழாக்கி, மாவட்ட ஆட்சியருக்கு 200 செடிகள் அனுப்ப வேண்டும் என்று எழுதிவைத்தது. மகள் அரசு அலுவலகத்துக்கு ரசீது போடத் தயாராகிவிட்டாள். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் அதே உதவியாளர், நெருக்கு ஒட்டுக் கேட்டவருக்கு மென்தண்டு ஒட்டின் விலையை எழுதி அனுப்பியபோது சிரிப்பு வரவில்லை. எழுத்தில் கொடுத்த விலையை மாற்றிப் பேசுவது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை என்பதால், வித்தியாசத்தை நானே ஏற்றுக்கொண்டேன். கைப்பேசியில் இருந்ததற்கு இரண்டும் தெரியும். கணினியில் இருந்ததற்கு ஒன்றும் தெரியாது. இரண்டையும் பயன்படுத்துபவன் நான் ஒருவனே என்றாலும், ஒன்றுக்குச் சொன்னதை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல எனக்கு வழி இருக்கவில்லை.

இந்த உதவியாளர்கள் நம்மோடு பழகப் பழக அவற்றின் மூளையே மாறிக்கொண்டு வருகிறது என்று எங்கள் பகுதியில் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில், பின்னால் இருந்து பதில் எழுதும் ‘மொழி மாதிரி’ என்ற மென்பொருள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று. என்னைப் பற்றிய குறிப்புகளை நிறுவனம் தனியே எழுத்தாகச் சேமித்துவைத்து, நான் ஒவ்வொரு முறை கேள்வி கேட்கும்போதும் அவற்றில் தேவையானதை எடுத்துக் கேள்வியோடு சேர்த்து அதற்குக் கொடுக்கிறது. நான் இரண்டு பருவங்கள் சொல்லித்தந்ததெல்லாம் ஒரு சில பக்க எழுத்தாக எங்கோ இருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். சில பக்க எழுத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அன்று.

நிறுவனங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே மாட்டா என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் இத்தகைய உதவியாளரை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. உதவியாளர்கள் நம் கோப்புகள், நாட்காட்டி, கணக்கு மென்பொருள் போன்றவற்றோடு ஒரே முறையில் இணைவதற்கான ஏற்பாடு அது. மறு ஆண்டே ஓப்பன்ஏஐ, கூகுள் ஆகிய போட்டி நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. சொட்டுநீர் போட்டவன் கணக்கில் சொல்வதானால், குழாயின் அளவு எல்லாக் கடையிலும் ஒன்றாகிவிட்டது, தொட்டி மட்டும் அவரவர் பூட்டுக்குள் இருக்கிறது. நினைவுக் குறிப்புகளை வெளியே எடுக்கவும், வேறிடத்தில் எடுத்தவற்றை உள்ளே சேர்க்கவும் சில நிறுவனங்கள் வசதி தரத் தொடங்கியிருப்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அது அவர்கள் விரும்பித் தரும் வசதி. நாளை விரும்பாவிட்டால் எடுத்துவிடலாம், கேட்க நமக்கு உரிமை இல்லை.

இது ஏன் இப்போது அவசரம் என்றால், 2025ஆம் ஆண்டில் நம் நாட்டில் இந்த உதவியாளர்களை வாரி வழங்கினார்கள். ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி புரோ சேவையை ஓராண்டு இலவசமாக்கியது. அக்டோபர் இறுதியில் ஜியோ, கூகுளின் ஜெமினி புரோவை 18 மாதங்களுக்கு இலவசம் என்று அறிவித்து, முதலில் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்குக் கொடுத்தது. நவம்பர் 4 முதல் ஓப்பன்ஏஐ, மாதம் 399 ரூபாய் விலையுள்ள சாட்ஜிபிடி கோ சேவையை ஓராண்டுக்கு இலவசமாக்கியது. இலவசம் கிடைத்தால் வேண்டாம் என்பவர் யார்? எங்கள் ஊரில் ஒரே வீட்டில் அப்பாவின் சிம்முக்கு ஓர் உதவியாளரும் பையனின் சிம்முக்கு இன்னொன்றுமாக இருக்கின்றன. இலவசக் காலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியில் முடியும். அதற்குள் அது நம் தொழிலையும் குடும்பத்தையும் பேச்சுவழக்கையும் கற்றுக்கொண்டிருக்கும். பணம் கட்டி அங்கேயே இருப்பதா, வேறிடம் போய் எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து சொல்லித்தருவதா என்ற கேள்வி அன்று வரும். முதற்கன்றை இலவசமாகக் கொடுத்துப் பிறகு உரத்தை நம்மிடமே வாங்கவைக்கும் வியாபாரத்தை நான் அறிவேன் என்பதால், இதில் நான் அவர்களைப் பெரிதாகக் குறை சொல்லவும் இல்லை. வாங்குகிறவனுக்குப் போக வழி இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கைப்பேசி எண் விஷயத்தில் இதே நிலைதான் இருந்தது. எண் போய்விடும், கடைப் பலகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் அச்சடித்தது வீணாகிவிடும் என்பதற்காகவே, சிக்னல் கிடைக்காத நிறுவனத்தோடு பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தோம். 2011 ஜனவரி 20 அன்று எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுவதும் வந்தது. அதை நிறுவனங்கள் தாமாகக் கொடுக்கவில்லை. ஒழுங்குமுறை ஆணையம் விதி போட்டது, அவர்கள் கொடுத்தார்கள்.

தனிநபர் தரவுக்கும் இப்படி ஓர் உரிமை நம் சட்டத்தில் வருவதாகத்தான் இருந்தது. தரவுப் பாதுகாப்பு குறித்து நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த சட்ட வரைவிலும், 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும், நம் தரவை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமை இருந்தது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், என் தரவின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், நான் இறந்தால் இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். எடுத்துக்கொண்டு போக மட்டும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதியின் 20ஆவது பிரிவு, கணினி படிக்கக்கூடிய வடிவில் தரவைப் பெற்றுக்கொண்டு வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. அங்கேயும் ஒரு குறை உண்டு. பயனாளர் தாமாகக் கொடுத்த தரவுக்குத்தான் அந்த உரிமை. நிறுவனம் கணித்து எழுதிக்கொண்டதற்கு இல்லை. நான் சொன்ன கலெக்டர் விவரம் என்னோடு வரும், அதுவே ஊகித்துக்கொண்ட அட்டமி, நவமி வராது என்று வைத்துக்கொள்ளலாம். உதவியாளர் விஷயத்தில் இரண்டாவது வகைக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதால், நாம் சட்டம் செய்யும்போது அதையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

இப்போதைக்கு நான் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு, என் தொழில் விவரங்களைத் தமிழில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உதவியாளரின் அமைப்புப் பக்கத்திலும் ஒட்டிவிடுவதுதான். பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் நான் பயன்படுத்திய ஒரு செயலியில் அந்தப் பெட்டிக்கு 1,500 எழுத்துகள் என்று வரம்பு இருந்தது. கணினிக் குறியீட்டு முறையில் தமிழின் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனி எழுத்தாகக் கணக்கிடப்படுகிறது. ‘மாங்கன்று’ நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஒன்பது. ஆங்கிலத்தில் எழுதினால் தாராளமாக அடங்கும் விவரம் தமிழில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தமிழில் சொல்பவனுக்கு இடம் குறைவு என்பது வேண்டுமென்று செய்யப்பட்டதில்லை என்றாலும், விளைவு அதுதான்.

ஒரே உதவியாளர் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று கேட்கிறேன் என்பதற்காக, எல்லாம் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் கைப்பேசி என்பது ஒருவருடையதாக இருப்பது அரிது. பகலில் நான் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும் கைப்பேசியில்தான் மாலையில் பேரன் வீட்டுப்பாடம் கேட்கிறான். இரவில் என் மனைவி தன் சர்க்கரை அளவுக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறாள். ஒரு நாள் செடி வாங்க வந்தவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்க, நான் பழ ரகங்களைப் பற்றி அவருக்காகக் கேட்டேன். வீட்டில் சர்க்கரை நோய் இருப்பதால் அளவோடு உண்ணவும் என்று அது அவர் முன்னாலேயே பதில் சொல்லியது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் என் மனைவியின் உடல்நிலையை நர்சரிக்கு வந்தவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனவே கொண்டுசெல்லும் உரிமையோடு, தொழில் தனி, குடும்பம் தனி, மருத்துவம் தனி என்று பிரித்துக் கட்டிவைக்கும் வசதியும் சேர்ந்தே வர வேண்டும். இந்தக் கட்டு கணினிக்கு, இந்தக் கட்டு கைப்பேசிக்கு, இந்தக் கட்டு எங்கும் போகாது என்று நானே சொல்ல முடிய வேண்டும். பிரிவினை இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொடுப்பதாக இருந்தால், இப்போதிருக்கும் பூட்டே மேல் என்பேன்.

ஒரு வாசல் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மையில் உதாரணம் கிடைத்தது. வாட்ஸ்அப் நிறுவனம் தன் வணிகச் சேவை விதியை மாற்றி, 2026 ஜனவரி 15 முதல் பொதுப் பயன்பாட்டு உரையாடல் உதவியாளர்களுக்கு அதில் இடமில்லை என்றது. சாட்ஜிபிடியும் மைக்ரோசாஃப்டின் கோபைலட்டும் அங்கிருந்து வெளியேறின. எங்கள் பகுதியில் வாட்ஸ்அப் ஒன்றைத் தவிர வேறு செயலியைத் திறந்து பழகாத விவசாயிகள் ஏராளம். வாசல் யாருடையது என்பது குறித்து நிறுவனங்கள் வழக்காடட்டும். வாசல் மூடும் நாளில், உள்ளே வைத்த பொருளை எடுத்துக்கொண்டு போக உரியவருக்கு அவகாசமும் வழியும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

மேற்படி தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகளும் நம் உரிமைகளும் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. கொண்டுசெல்லும் உரிமையைச் சேர்க்கச் சட்டத்திருத்தம் வேண்டும், அதற்கு நாளாகும் என்பதை அறிவேன். ஆனால் தரவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமை சட்டத்தின் 11ஆவது பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பொறுத்தவரை அந்தச் சுருக்கம், அவை நம்மைப் பற்றி எழுதிவைத்திருக்கும் குறிப்புகள் முழுவதையும், கணித்துக்கொண்டவை உட்பட, நாம் கேட்கும் மொழியில், வேறோர் உதவியாளர் படிக்கக்கூடிய கோப்பாகத் தருவதாக இருக்க வேண்டும் என்று மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்த இடைவெளிக்குள் தெளிவுபடுத்த வேண்டும் எனத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மா ஒட்டுச்செடி நர்சரி உரிமையாளர் ஒருவர்,
சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.