கடமை யாருக்குச் செலுத்த வேண்டியது?

ஆசிரியருக்கு,

வணக்கம். அடிப்படைக் கடமைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உரிமை கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கடமை மட்டும் மறந்துபோகிறது என்ற ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் கடமையைச் செய்யாதவருக்கு உரிமை பேசவே தகுதியில்லை என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். நம் அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை எங்குமே கிடையாது.

1950-இல் அது நடைமுறைக்கு வந்தபோது கடமைப் பட்டியலே அதில் இல்லை. 1976-இல், ஆளும் காங்கிரஸ் கட்சி அமைத்த ஸ்வரண் சிங் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 42-ஆவது திருத்தத்தின் மூலம்தான் கடமைகளைப் பட்டியலிடும் 51ஏ பிரிவு வந்து சேர்ந்தது. அது நெருக்கடி நிலைக் காலம். எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறையில் வைத்துக்கொண்டு குடிமக்களுக்குக் கடமையை நினைவூட்டினார்கள்! அப்போது 10 கடமைகள். 2002-இல் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பெற்றோர் கடமையும் சேர்ந்து 11. மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. சுற்றுச்சூழல் வழக்குகளில் நீதிமன்றங்கள் அதைத் துணைக்கு எடுத்துக்கொண்டதுண்டு. அந்த அளவில் பயன்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். 51ஏ சொல்லும் கடமைகள் குடிமக்களுக்கு மட்டுமே. 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையும் தனிமனித சுதந்திரமும் எல்லா மனிதருக்கும் உரியவை. சுற்றுலா வந்த வெளிநாட்டுக்காரருக்கும் அவை உண்டு. கடமைதான் உரிமைக்கு விலை என்றால் இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்?

தேசிய கீதத்தை மதிப்பது 51ஏ பட்டியலில் முதல் கடமையிலேயே வருகிறது. 1985-இல் கேரளப் பள்ளி ஒன்றில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் கீதம் பாடும்போது எழுந்து நிற்பார்கள், மத நம்பிக்கை காரணமாகப் பாட மாட்டார்கள். வேறு எந்தக் குற்றமும் செய்யவில்லை. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள், உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் அவர்களைத் திரும்ப வகுப்பில் உட்கார வைத்தது. மரியாதையாக எழுந்து நின்றாலே போதும், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. இந்த வழக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

சரி, கடமையே வேண்டாமா? வேண்டும். ஆனால் சட்டத்தில் பல்லுள்ள கடமைகளைத் தேடினால் அவை அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலேயே இருக்கின்றன. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அதைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். அரசாங்கம் மட்டுமல்ல, நானும் நீங்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். 15(2)-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாதியைக் காட்டிக் கடைக்குள்ளோ உணவு விடுதிக்குள்ளோ ஒருவரைத் தடுக்கக் கூடாது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலையும் அப்படியே. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைக்கிறவர் தேசிய கீதத்தை முழுக்கப் பாடக்கூடியவராக இருக்கலாம். அவர் தவறவிட்ட கடமை எதிரே நிற்கும் மனிதருக்குச் செலுத்த வேண்டியது. ஊர்ப் பொதுப் பாதையில் ஒரு சவ ஊர்வலத்தை மறிப்பவர்களும் இப்படித்தான். மகளின் திருமணத்தைத் தடுப்பது தங்கள் கடமை என்று நினைக்கும் பெற்றோரையும் இதில் சேர்க்கலாம். வயதுவந்த பெண் தன் துணையைத் தானே தேர்ந்தெடுப்பது 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'கடமை, கடமை' என்று கேட்கும் கட்டுரைகளில் இவர்கள் யாரும் வருவதில்லை என்பதுதான் என் குறை.

அப்புறம் ஒரு சிறு திருத்தம். வரி கட்டுவதையும் வாக்களிப்பதையும் அடிப்படைக் கடமைகளாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இரண்டுமே 51ஏ பட்டியலில் கிடையாது. வரி கட்டுவதைச் சேர்க்கும்படி ஸ்வரண் சிங் குழு சொன்னது உண்மை. ஆனால் நிறைவேறிய திருத்தத்தில் அது இடம்பெறவில்லை. அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிட்டால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மதுரை