திருகை முறுக்காதீர்கள், தேய்ந்த ஸ்டீயரிங் மூட்டை மாற்றுங்கள்: பேருந்து நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் வட்டாரங்களிலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் உங்கள் ஓட்டுநர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். எந்தப் பேருந்தைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்; அதன் ஸ்டீயரிங் ஆட்டத்தை, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் வெறுமனே அசைவதைப் பற்றிப் புகார்ப் புத்தகத்தில் பலமுறை எழுதியாயிற்று. சென்ற வாரம் அது பட்டறையிலிருந்து, சரிசெய்யப்பட்டது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறுநாள் காலை பினாங்கு பாலத்தைக் கடந்து நெடுஞ்சாலைக்கு இறங்கும் வளைவில், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை. இரு கைகளாலும் இழுத்துத்தான் வண்டியைத் தடத்திற்குக் கொண்டுவந்தேன்.

பட்டறையில் என்ன செய்தார்கள் என்று பார்த்தோம். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களை நோக்கிக் கடத்தும் பல்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸின் மேலுள்ள, உட்பற்களை நெருக்கும் திருகை முறுக்கி, அதன் பூட்டு நட்டை இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். நட்டின் விளிம்பில் ஸ்பேனர் பட்ட புதுத் தடம் பளிச்சென்று தெரிகிறது. மற்ற இடங்களில் பழைய கிரீஸும் மண்ணும் அப்படியே அப்பிக் கிடக்கின்றன. பேருந்து பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸினுள் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கின்றன. தேய்ந்த நடுவுக்குத் தோதாகத் திருகை முறுக்கினால், தேயாத இரு பக்கங்களிலும் பற்கள் ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொள்ளும். நேர்ச்சாலையில் ஆட்டம் குறைந்தது போலத் தோன்றும். வளைவில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். புரையோடிய புண்ணுக்குப் புனுகு பூசும் இந்த வேலைக்குச் செலவு குறைவு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று கண்டறியப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியின் பாரம் தரையில் நிற்கும் சக்கரங்களின் மேலேயே இருக்கும்படி நேராக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக அசைக்க, இன்னொருவர் கீழிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கவனித்தால் போதும். இதைப் பட்டறை செய்யாததால் நாங்களே செய்தோம். ஸ்டீயரிங் பாக்ஸ் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் அசையாமல் இருந்தது. பாக்ஸிலிருந்து வெளியே வரும் கைபோன்ற பிட்மன் ஆர்மும் உடனுக்குடன் நகர்ந்தது. ஆனால் அதற்கு அடுத்து, அசைவைச் சக்கரத்தை நோக்கிக் கொண்டுசெல்லும் தண்டான டிராக் லிங்க் ஒரு கணம் தாமதித்தே நகர்ந்தது. அதன் முனையிலுள்ள பந்து மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. ஸ்டீயரிங் அசையும் ஒவ்வொரு முறையும் மூட்டு தன் குழிக்குள் எழும்பி எழும்பி இறங்கியது. பிறகு முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது சக்கரமும் ஆடியது. ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்த பிறகும் அந்த ஆட்டம் நிற்கவில்லை. சக்கரத்தின் பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்திருக்கும். மறையாததால் முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணியான கிங் பின்னும், அதைச் சுற்றியுள்ள உருளை உறையான புஷ்ஷும் தேய்ந்துவிட்டன என்பது தெளிவு.

இந்த நிலையில் பாலத்தின் மேல் பேருந்து ஓட்டுவது எப்படி என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் பக்கவாட்டிலிருந்து கடற்காற்று அடிக்கும்போது, வண்டி ஒதுங்கியதை உணர்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் வெறும் ஆட்டமே கைக்கு வருகிறது. அது தீர்ந்த பிறகுதான் சக்கரம் திரும்புகிறது. அதற்குள் வண்டி இன்னும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். இடப்புறம் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கும், வலப்புறம் லாரி முந்தும். உள்ளே இரவு ஷிப்ட் முடித்த பிள்ளைகள் ஜன்னலில் தலை சாய்த்து உறங்குவார்கள். கரை சேரும் வரை தோளும் மணிக்கட்டும் இறுகியே இருக்கின்றன.

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் சரளைக்கல் லாரி மோதி ஒன்பது கலகத் தடுப்புப் போலீசார் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டீயரிங் கோளாறும் அளவுக்கு மீறிய பாரமும் அங்கே காரணங்களாக அறிவிக்கப்பட்டன. அப்படியிருந்தும் இங்கே ஆட்டமுள்ள வண்டியை எடுக்க மறுக்கும் ஓட்டுநர் அன்றைய அலவன்ஸை இழக்கிறார். எடுத்துச் சென்று ஏதாவது நேர்ந்தால் அவர் பெயர்தான் போலீஸ் புகாரில் முதலில் ஏறுகிறது. டயர் கேட்டால் அடுத்த மாதம் என்கிறீர்கள், வைப்பர் கேட்டாலும் அதே பதில். ஆனால் பேருந்தின் வெளிப்புறத்துக்குப் புதுச் சாயம் அடிக்க மட்டும் பணம் இருந்தது. எங்கள் மனக்குறை நீண்டது. அதை இங்கே முழுதும் கொட்ட விரும்பவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், வேண்டுகோளுக்கே வருகிறேன்.

திருகை முறுக்காதீர்கள், தேய்ந்த மூட்டை மாற்றுங்கள். டிராக் லிங்க் மூட்டையும், கிங் பின்னையும் அதன் புஷ்ஷையும் மாற்றி, நட்டுகள் கழலாமல் தடுக்கும் புதிய பின் போட்டு, அதன் பிறகே ஸ்டீயரிங் பாக்ஸைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குச் சரிசெய்து, கடைசியில் முன்சக்கர அலைன்மெண்ட் பார்க்கும்படி பட்டறைக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரும் கட்டாயப் பரிசோதனை வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம். கழற்றிய பழைய பாகங்களை டிப்போவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்; நாங்களும் பார்க்கிறோம். வேலை முடியும் வரை அந்தப் பேருந்தைப் பாலத்தில் ஏற்றாமல் நிறுத்தி வைத்து, அதன் தடத்திற்கு மாற்று வண்டி ஒன்றை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்து ஓட்டுநர்கள் சார்பில் ஓர் ஓட்டுநர்
பினாங்கு