பீரங்கிக்கு ஒரு பெயர்ப்பலகை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி ராணுவ வண்டிகள், பீரங்கிகளின் சின்ன மாடல்கள் செய்வது எனக்குப் பல வருஷப் பழக்கம். இப்போது கையில் இருப்பது 25 பவுண்டர். இரண்டாம் உலகப் போரில் வந்த பிரிட்டிஷ் பீரங்கி, 1965, 1971 போர்களில் நம் ராணுவத்திலும் இருந்தது. குண்டின் எடை 25 பவுண்டு, 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பெயரே அதனால்தான்.

மாடல் நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு. பெட்டியில் வந்தபடியே ஒட்டினால் இரண்டு நாள் வேலை. ஆனால் கேடயத் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தது, 35 ஆல் பெருக்கிப் பாருங்கள், மூன்றரை சென்டிமீட்டர் இரும்பு ஆகிவிடுகிறது, உண்மையில் அது சில மில்லிமீட்டர் தகடுதான். அதைக் கழற்றிப்போட்டு, குளிர்பானக் கேனை வெட்டி நிமிர்த்தி வேறு கேடயம் செய்தேன். குழலின் உள்விட்டம் 87.6 மி.மீ., மாடலில் இரண்டரை. அந்தத் துளையை எங்கள் தெருப் பத்தர் தன் பட்டறையில் போட்டுக் கொடுத்தார். இரண்டு பாதியாக வந்த குழலின் ஒட்டுக்கோடு தெரியாமல் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன்.

சிக்கல் குழல் நுனியில் வந்தது. டாங்கிகளைச் சுடக் கூடுதல் வெடிமருந்து போட்டபோது பீரங்கி துள்ளாமல் இருக்க, நுனியில் மசில் பிரேக் என்ற பாகத்தைப் பின்னாளில் சேர்த்தார்கள். என் பெட்டியில் அது இல்லை. படம் பார்த்துச் செய்யலாம் என்றால் பக்கத்துத் துளைகளின் அகலம் சரியாகத் தெரியவில்லை. சரி, நிஜத்தையே பார்த்துவிடுவோம் என்று, காட்சிக்கு வைத்திருக்கும் ஓர் ஊருக்குப் பஸ் ஏறிப் போனேன்.

பார்த்ததும் மனசு கஷ்டப்பட்டுவிட்டது. உடம்பு முழுக்க வெள்ளி பெயின்ட், பல தடவை பூசியதில் பொறித்த எழுத்தெல்லாம் மூடிப் போயிருக்கிறது, குழல் வாயில் சிமென்ட். திறந்து வைத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது, பீரங்கியின் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு சிறுவன் "இது என்ன ஐயா?" என்று கேட்க, தாத்தா "பீரங்கிடா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார், பாவம் அவருக்கும் வேறென்ன தெரியும்? கீழே இருந்த வட்டத் தட்டைக் காட்டி, சக்கரத்தை இதன்மேல் ஏற்றிவிட்டால் ஒரே ஆள் பின்பக்கத்தைப் பிடித்து முழு வட்டமும் திருப்பலாம் என்று நான் சொன்னதும், அந்தப் பையன் குனிந்து, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

எங்கள் செட்டிநாட்டில் பழைய வீட்டுக்குள் போனால் தூண் பர்மா தேக்கு, தரைக்கல் ஆத்தங்குடி என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். போருக்குப் போய்வந்த பீரங்கிக்கு அந்த அளவுக்காவது சொல்ல வேண்டாமா? தமிழில் ஒரு பலகை போதும்: பெயர், குழல் விட்டம், குண்டின் எடை, சுமார் 12 கிலோமீட்டர் சுடும் என்பது, எந்தெந்தப் போரில் இருந்தது என்பது. அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு ராணுவப் பச்சையே அடியுங்கள், எழுத்துகளை மூடாதீர்கள்.

அன்று இஞ்ச் டேப் வைத்து அளந்ததெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பலகை எழுதுகிறவர்கள் கேட்டால் தருகிறேன்.

– வாசகர், பள்ளத்தூர்