பதிவேடுகள் பிழைத்தன: சபையாருக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், வெளியூரில் தூக்கமில்லாமல் போன் போட்டுக்கொண்டே இருந்த நம் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வெள்ளம் செய்ததை உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிறோம். ஆலயத்துக்குள் சேற்று வாடை இன்னும் போகவில்லை, ஆனாலும் கிறிஸ்மஸ் ஆராதனை அங்கேதான் நடந்தது.

படகோடு வந்த கடற்கரைச் சகோதரர்கள், சோறு அனுப்பிய பள்ளிவாசல் பாய்மார், சேற்றை வழித்த வாலிபர் சங்கத்துப் பையன்கள், பொங்கிப் போட்ட பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், பணம் அனுப்பிப் பெயர் போடாதீர்கள் என்றவர்கள், போடச் சொன்னவர்கள், எல்லாருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் கோபிக்காதீர்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்த நம் அண்ணாச்சி. பெயர் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரியும்.

அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் நிவாரணப் பைக்கு வரிசையில் நிற்காமல் நேரே ஆலயத்தை ஒட்டிய அறையான வெஸ்ட்ரிக்கு வந்து, "ரிஜிஸ்தர் எல்லாம் எங்க?" என்று கேட்டார். அந்த அமளியில் அதை வேறு யாரும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்தால் ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாம் ஊறிக் கிடந்தன. வெயிலில் காயப்போடப் போன பையன்களைத் தடுத்தார். வெயிலில் வைத்தால் தாள் முறுக்கிக்கொண்டு ஒட்டிவிடுமாம். தன் பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து, மெல்லிய மூங்கில் பட்டையால் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையில் துணி வைத்தார். துணி ஈரம் குடித்ததும் எடுத்துவிட்டு வேறு வைப்பார். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிய பையனுக்கு நல்ல திட்டு விழுந்தது.

முந்தின தலைமுறைகள் எழுதிய கறுப்பு மை அப்படியே நிற்கிறது. பின்னால் வந்த நீல மைதான் கரைந்து பரவியிருக்கிறது. ஒரு பக்கத்தில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில் பனையேறி என்று தெளிவாக வாசிக்க முடிந்தது. "இவங்களுக்கு வேற எங்கயும் கல்வெட்டு கிடையாது, பாத்துக்கோ" என்றார் அண்ணாச்சி.

கிறிஸ்மஸ் அன்று நம் சபைப் போதகர் ஐயர் இதை அறிவிக்கலாமா என்று கேட்டபோது, "என் பேரு அந்த ரிஜிஸ்தர்லயே இருக்கு, போதும்" என்று மறுத்துவிட்டார்.

சரி, அதற்காக அவரை ஆசையே இல்லாத மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தாள்கூடப் போகக் கூடாது என்று அவருக்கு வெறியே இருந்தது. நம்மில் பலரிடம் பக்தி என்றால் ஒதுங்கி நிற்பது என்ற எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பாருங்கள், பிள்ளைகளுக்காக அரை நூற்றாண்டு காலம் எவ்வளவு கட்டினார்! 1951-ல் இறந்தபோது, கல்லறைக் கல் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி ஒன்றைத்தான் அவரை அடக்கம்பண்ணின இடத்தில் வைத்தார்கள். வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த பாருக்கு என்பவர் நினைவுக்கு வருகிறார். அவர் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். பாருக்கு உட்கார்ந்து மறுபடி முழுவதும் எழுதினார். "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று கர்த்தர் சொன்னது அந்த மனுஷருக்குத்தான். பெரிய வேலையை அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

நம் ஆலயத்தில் டியூப் லைட்டில்கூட 'உபயம்' இருக்கிறது. வெள்ளத்தில் மிதந்த பெஞ்சுகளை எழுத்தைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டோம் என்று சிலர் வேடிக்கையாகச் சொல்கிறார்கள், அதுவும் உண்மைதான். இருந்தாலும் இனி வாங்குகிற பெஞ்சு, ஃபேன் எதிலும் பெயர் வேண்டாம் என்று சபைகளை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். எதிர்ப்பு வரும். வரட்டும், பேசுவோம்.

அப்புறம், விவாகப் பதிவேட்டில் இரண்டு தொகுதிகள் இன்னும் ஈரமாகத்தான் இருக்கின்றன. பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி இருந்தால் துவைத்து, கஞ்சி போடாமல், வெஸ்ட்ரியில் கொடுங்கள். சாயத்துணி வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லச் சொன்னார்.